கோவளத்தில் ஒரு ஜிலேபி மரம்!

கோவளம் என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது மீன் வறுவலும் அலைச்சறுக்கும்தான். டிசம்பரில் போய்ப் பாருங்கள். 1808-ல் ஜான் டிமான்டி கட்டிய கார்மேல் மாதா கோவில் அங்கேதான் இருக்கிறது. (ஆமாம் ஸார், ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனிக்குப் பெயர் தந்த அதே டிமான்டி. 2015-ல் பேய்ப் படம்கூட எடுத்தார்களே!)

பக்கத்துத் தெருவில் ஒரு மீனவ இளைஞர் வாசலில் விளக்கு மரம் கட்டிக்கொண்டிருந்தார். நடுவில் 5 அடி சவுக்குக் கழி, அடியில் 2 அடி அகலத்துக்கு பிளாஸ்டிக் குழாய் வளையம். உச்சியிலிருந்து வளையத்துக்கு வலைக் கயிறு இழுத்து, அதன்மேல் சீரியல் செட்டை ஜிலேபி மாதிரி 8 சுற்று!

"எவ்வளவு ஒயர் பிடிக்கும் தம்பி?"

"25 அடி ஸார்."

சராசரிச் சுற்று 3 அடிக்குக் கொஞ்சம் மேலே, எட்டால் பெருக்கினேன். பார்ட்டி கரெக்ட்!

"இரும்புக் கம்பி வெச்சா ஸ்ட்ராங்கா நிக்குமே?"

"உப்புக் காத்துல துருப்பிடிச்சுடும் ஸார். அதவிட, மழையில 230 வோல்ட் ஒயர் நசிஞ்சு கம்பியில பட்டா, தொடுற குழந்தை என்னாவும்? அதான் அடாப்டர் வீட்டுக்குள்ள. வெளியே 12 வோல்ட் எல்.இ.டி. மட்டும்."

1882-ல் நியூயார்க்கில் எடிசன் கம்பெனி எட்வர்ட் ஜான்சன் 80 பல்புகள் மாட்டி முதல் மின்விளக்கு மரம் வைத்தார். வீட்டுக்குள் வைத்த மனுஷன். வடகிழக்குப் பருவமழையைப் பற்றி அவருக்கென்ன கவலை?

நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, தம்பி ஸ்விட்சைத் தட்டினார். தர்காவுக்குப் போய்க்கொண்டிருந்த பாய் ஒருவர் நின்று பார்த்தார். "மேலே காலியா இருக்கு, இன்னும் ரெண்டு சுத்து விடுப்பா!"