கிழக்குதிரைக்கு இவ்வளவு செலவா?

லெக்சிங்டன், கென்டக்கி
நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

 

போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "ரெண்டையும் அங்கயே வித்துப்போட்டு, போற ஊர்ல வேற வாங்கிக்க வேண்டியதுதானே கண்ணு? அந்தியூர் குருநாதசாமி சந்தையில வருசா வருசம் அதைத்தானே பண்றாங்க?" என்றீர்கள். கேட்டதில் தப்பில்லை. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவிலிருந்து இங்கே சுமார் 3,700 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போவதுபோல. அவ்வளவு தூரம் ஒரு குடும்பத்தையும் இரண்டு குதிரைகளையும் ஏன் இழுத்துக்கொண்டு வந்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எப்படி வந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அதுதான் பிடிக்கும்.

இங்கே மாநிலம் விட்டு மாநிலம் குதிரை போக வேண்டுமென்றால் இரண்டு தாள்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, 'காகின்ஸ்' ரத்தப் பரிசோதனை. பெரிய ஈக்கள் கடித்துப் பரப்புகிற ரத்தசோகை நோய் ஒன்று குதிரைகளுக்கு உண்டு. அதற்கு மருந்தும் இல்லை, இங்கே தடுப்பூசியும் இல்லை. வந்துவிட்டால் குதிரையைக் கொன்றுவிட வேண்டும், இல்லையென்றால் சாகும்வரை மற்ற குதிரைகளை அண்டவிடாமல் தனியே வைத்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் சோதனையை 1970-களில் உருவாக்கியவர் லீராய் காகின்ஸ் என்ற கால்நடை மருத்துவ விஞ்ஞானி. அந்தச் சோதனை 12 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். இன்னொன்று, மருத்துவர் நேரில் பார்த்துக் கொடுக்கிற உடல்நலச் சான்று. அது 30 நாள்தான் செல்லும்.

வீட்டுச் சாமானுக்கு இந்தக் கெடுபிடியெல்லாம் கிடையாது. லாரிக்காரர்கள் எடைக்கும் தூரத்துக்கும் கூலி போடுகிறார்கள். காலி லாரியை ஒருமுறை, சாமான் ஏற்றியபின் ஒருமுறை எடை பார்க்கிறார்கள். அம்மா கொடுத்தனுப்பிய அம்மிக்கல்லைப் பார்த்ததும் மாப்பிள்ளை முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்லை நான் விடவில்லை. கறிவேப்பிலைச் செடியைத்தான் விட வேண்டியதாயிற்று. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைச் சுமக்கிற பூச்சி அதிலும் குடியிருக்கும் என்பதால் கலிபோர்னியாவை விட்டு அந்தச் செடியை வெளியே கொண்டுபோகத் தடை. குதிரைக்குச் சான்று கிடைத்தது, கறிவேப்பிலைக்குக் கிடைக்கவில்லை!

இனி குதிரைக் கதை. முத்துவுக்கு ஒன்பது வயது, எதற்கும் அசர மாட்டான். ரூபிக்கு இருபத்து நாலு. அவளுக்காகவே டிரெய்லரைச் சில வாரம் முன்பே தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பின்கதவைச் சாய்த்துப் போட்டு, தீவனத்தை உள்ளேதான் வைத்தோம். முதலில் முன்னங்கால் ஒன்றை மட்டும் பலகையில் வைப்பாள். குளம்புச் சத்தம் டொக்கென்று கேட்டதும் மூக்கால் ஒரு சீறல், உடனே பின்வாங்கல். யாரும் இழுக்கவில்லை, அடிக்கவில்லை. பசிக்கு உள்ளே போனாள், பிறகு பழக்கத்துக்குப் போனாள். கிளம்பும் அன்று தலைக்கயிற்றைப் பிடித்ததும் தானாகவே ஏறி நின்றாள்.

முத்து கனமானவன், அதனால் அவனுக்கு இடப்பக்கம். இங்கே வண்டிகள் வலப்பக்கமாகப் போகின்றன, சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். கனம் மேட்டுப் பக்கம் இருந்தால்தான் வண்டி ஆடாது. ஏரில் இடத்து மாடு எது, வலத்து மாடு எது என்று நீங்கள் பார்ப்பதுபோலத்தான் இதுவும்.

அப்புறம் தலை. குட்டையாகக் கட்டிவிட்டால் குதிரைக்குத் தலையைத் தாழ்த்த முடியாது. தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேர்கிற தூசியும் சளியும் வெளியே வரும். நாள் முழுக்கத் தலை தூக்கியே நின்றால் அதெல்லாம் நுரையீரலில் இறங்கிக் காய்ச்சலாகிவிடும். பயணக் காய்ச்சல் என்கிறார்கள், குதிரையையே கொண்டுபோய்விடும். அதனால் கயிற்றை நீளமாக விட்டு, புல்லை நனைத்துப் போட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தினோம். வண்டி ஓடுகிறவரை குதிரை காலை ஊன்றி ஊன்றித் தன்னைச் சமாளித்துக்கொண்டே நிற்கிறது. நாம் உட்கார்ந்து போகிறோம், அது நடக்காமலே நடந்து வருகிறது. நெடுஞ்சாலையோரம் மட்டும் ஒருபோதும் கீழே இறக்கக் கூடாது. மிரண்டால் போச்சு.

மொஹாவி பாலைவனத்தை வெயில் ஏறுமுன் கடக்க இருட்டோடு கிளம்பினோம். அப்புறம் ஏற்றம். அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் கிட்டத்தட்ட ஊட்டி உயரம், குளிரும் அப்படித்தான். அங்கிருந்து நியூ மெக்சிகோ, டெக்சாஸ், ஓக்லஹோமா, மிசௌரி. ராத்தங்கலுக்குக் குதிரைச் சத்திரங்கள் உண்டு. குதிரைக்கு லாயம், நமக்கு ஓர் அறை. முதலில் காகின்ஸ் தாளைக் கேட்பார்கள், பிறகுதான் கும்பிடு.

தண்ணீர்தான் பெரிய கவலை. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் குறைந்து தீவனம் குடலில் இறுகிவிட்டால் வயிற்றுவலி, அதிலேயே உயிர் போய்விடும். நாளைக்கு முப்பது லிட்டர் குடிக்கிற பிராணி, ஊர் மாறினால் தண்ணீரின் வாசனை பிடிக்காமல் வாயை மூடிக்கொள்கிறது. அதனால் வீட்டிலிருந்தே பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்தோம். கிளம்புவதற்கு முன்பே ஆப்பிள் சாறு கொஞ்சம் கலந்து பழக்கியும் வைத்திருந்தோம். ஆல்புகெர்க்கியில் சத்திரத்துத் தண்ணீரைக் காட்டினேன். ரூபி மூக்கை நனைத்தாள், மேலுதட்டைச் சுருட்டினாள், தலையைத் திருப்பிக்கொண்டாள். வாளியைக் கொட்டிவிட்டு நம் பீப்பாய்த் தண்ணீரில் சாற்றைக் கலந்து காட்டினேன். வாயை வைத்தவள் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு மடக்குக்கும் அவள் காது முன்னும் பின்னும் அசையும். அதை எண்ணிக்கொண்டே நின்றேன். மறுநாள் காலையில் லத்தியைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காபி இறங்கியது.

வந்து சேர்ந்ததோடு முடியவில்லை, இங்கேதான் நிஜமான ஆபத்து. கென்டக்கி சுண்ணாம்புக்கல் பூமி. புல் பச்சைப்பசேலென்று கிடக்கிறது. பந்தயக் குதிரை வளர்ப்புக்கு உலகமே பார்க்கிற ஊர், கீன்லேண்ட் ஏலத்துக்கு எங்கெங்கிருந்தோ வாங்க வருகிறார்கள். ஆனால் காய்ந்த குதிரைமசால் தின்று வளர்ந்த வயிற்றை ஒரேயடியாக இந்தப் புல்லில் அவிழ்த்துவிட்டால் குளம்புக்குள் அழற்சி வந்து நொண்டிவிடும். கூடவே கொண்டுவந்த பழைய தீவனத்தில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மேய்ச்சலை முதலில் கால் மணி நேரமாக வைத்து, மெல்லத்தான் கூட்டினோம். இங்கே செம்மேப்பிள் என்று ஒரு மரம். அதன் வாடிய இலையைத் தின்றால் குதிரையின் ரத்த அணுக்கள் உடைந்துபோகும். மேற்கே நாங்கள் அறியாத கவலை இது. நாங்கள் வந்ததோ இலையுதிர் காலம். வீட்டுச் சாமான் லாரி இன்னும் வந்து சேரவில்லை, நாங்கள் தரையில் படுத்துக்கொண்டு, பகலில் வேலியோரம் இலை கூட்டிக்கொண்டிருந்தோம். குதிரைகளுக்கு மட்டும் மரச்சீவல் மெத்தை!

மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியதை நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். கடல் தாண்டி உயிரோடு வந்த குதிரைகள், பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லாமல், சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டதில் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் செத்துப்போயின என்று. கப்பல் கொல்லவில்லை, தொட்டிதான் கொன்றது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முத்துவை விற்றிருக்கலாம், நல்ல வீடு கிடைத்திருக்கும். ரூபியை யார் வாங்குவார்கள்? பல் தேய்ந்துவிட்டது, புல்லை ஊறவைத்துக் கொடுக்க வேண்டும், ஏறி ஓட்டவும் முடியாது. இந்த நாட்டில் குதிரை வெட்டும் கடைசிக் கூடங்களை 2007-ல் மூடிவிட்டார்கள். அதனால் குதிரைகள் தப்பிவிடவில்லை. ஏலத்தில் மலிவாகப் போகிற கிழக்குதிரைகளை மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் ஏற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அடிமாட்டு வண்டி எல்லா ஊரிலும் உண்டு அப்பா, பெயர்ப்பலகைதான் வேறு.

செலவைச் சொன்னால் திட்டுவீர்கள். அந்தப் பணத்துக்கு இங்கேயே நல்ல இளங்குதிரை ஒன்று வாங்கியிருக்கலாம் என்பது உண்மை. மாப்பிள்ளையும் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. செவலைக் காளை கால் ஒடிந்து கட்டுத்தறியிலேயே கிடந்தபோது, தீவனச் செலவை எண்ணிச் சொன்ன அம்மாவிடம் நீங்கள் ஏதோ பதில் சொன்னீர்களே, அம்மாவும் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. நான் சின்னப் பிள்ளை, காதில் சரியாக விழவில்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதி அனுப்புங்கள். அவரிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவை மூட்டுவலி மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
கண்ணம்மா