உத்தரவாதமும் ஓர் அமானிதமே



கொடுக்கல் வாங்கலில் மார்க்கம் என்றவுடன் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வட்டி. அடுத்தது அளவையும் நிறுவையும். திருக்குர்ஆனின் 'அல்முதஃப்பிஃபீன்' அத்தியாயம் அளவையில் குறைப்போருக்கான எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறது. ஆனால் இன்று நாம் வாங்கும் பெரிய பொருள்களோடு, எந்தத் தராசிலும் வைக்க முடியாத ஒன்றும் சேர்த்து விற்கப்படுகிறது. அதற்குப் பெயர் உத்தரவாதம். கார் வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு இரும்புக்கும் பேட்டரிக்கும் போகிறது. மற்றொரு பங்கு ஒரு வாக்குறுதிக்குப் போகிறது. அந்த வாக்குறுதி தடுமாறும் வேளையில் நம் உரிமையை எப்படிக் கேட்பது, கேட்கும்போது நம் நாவை எப்படிக் காப்பது என்பதை அண்மையில் எங்கள் வீட்டு மின்சாரக் கார் எங்களுக்குக் கற்றுத் தந்தது.

கீழக்கரையில் இருக்கும் எங்கள் குடும்பம் அந்தக் காரை வட்டிக்கடன் இல்லாமல் வாங்கியது. காக்கா வளைகுடாவிலிருந்து அனுப்பியதும், நாங்கள் இங்கே மிச்சம் பிடித்ததுமாக நான்கு ஆண்டுச் சேமிப்பு அது. முழு வாகனத்துக்கு மூன்று ஆண்டு, பேட்டரிக்கும் மோட்டாருக்கும் எட்டு ஆண்டு என்று உத்தரவாதப் புத்தகத்தில் அச்சிட்டிருந்தது. முப்பத்தோராம் மாதத்தில், ஓர் இரவு இஷாவுக்குப் பின் வழக்கம்போல் சார்ஜ் போட்டபோது வீட்டின் மின்கசிவுத் தடுப்பான் விழுந்துவிட்டது. மீண்டும் போட்டோம், மீண்டும் விழுந்தது. மறுநாள் இராமநாதபுரத்தில் உள்ள வேக சார்ஜரில் இணைத்தால் கார் குறையில்லாமல் சார்ஜ் ஏற்றிக்கொண்டது.

பழுது எங்கே இருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள, காருக்குள் நடப்பதைச் சற்று அறிய வேண்டும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். காரின் பேட்டரியோ நேர்திசை மின்சாரத்தை மட்டுமே ஏற்கும். அதுவும் பல கார்களில் முந்நூறு, நானூறு வோல்ட் அளவில். இந்த மாற்றத்தைச் செய்வது காருக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும் 'ஆன்போர்டு சார்ஜர்' என்னும் பெட்டி. சுவரில் நாம் மாட்டியிருப்பதைத்தான் சார்ஜர் என்று அழைக்கிறோம். உண்மையில் அது மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்க்கும் இணைப்பு மட்டுமே. நெடுஞ்சாலையில் உள்ள வேக சார்ஜர்கள் நேர்திசை மின்சாரத்தையே தருவதால், காருக்குள் இருக்கும் பெட்டியைத் தாண்டி நேராகப் பேட்டரிக்குச் செல்கின்றன. வீட்டில் ஏறாத கார் வெளியில் ஏறுவதன் காரணம் இதுவே.

அந்தப் பெட்டிக்குள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் குறைகடத்திச் சுவிட்சுகளும், மின்தேக்கிகளும், சிறு மின்மாற்றியும் இருக்கின்றன. ஒவ்வோர் இரவும் அவை சூடேறிக் குளிர்கின்றன. பற்றவைப்பில் ஒரு விரிசல், ஒரு சுவிட்சில் ஒரு குறை, உள்ளே புகுந்த ஈரம், குளிர்விக்கும் திரவத்தில் ஒரு தடை என எதனாலும் அது செயலிழக்கலாம். வெளியிலிருந்து பாயும் மிகை மின்னழுத்தமும் ஒரு காரணமாகலாம் என்பதை மறுப்பதற்கில்லை.

இப்பழுது எங்கோ ஒருவருக்கு மட்டும் நேர்வதும் இல்லை. நாங்கள் வைத்திருப்பது வேறு நிறுவனத்தின் கார். ஆனால் பொதுவெளியில் பதிவான செய்தி இது: 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் ஏறத்தாழ 1,47,000 மின்சாரக் கார்களைத் திரும்ப அழைத்தன. ஆன்போர்டு சார்ஜரையும் சிறு பேட்டரிக்கு மின்சாரம் தரும் பகுதியையும் ஒன்றாக அடக்கிய அலகில் இருந்த குறையே காரணம். அதே ஆண்டு இந்தியாவிலும் 1,744 ஐயோனிக் 5 கார்களும் 1,138 ஈவி6 கார்களும் இதே அலகுக்காக அழைக்கப்பட்டன. குறையை அறிவித்து, பரிசோதித்து, தேவையான இடத்தில் பாகத்தை மாற்றித் தருவது வணிகத்தில் இழிவான செயலன்று, மறைப்பதே இழிவு.

வழக்கு எங்கே தொடங்கியது?

மதுரைப் பணிமனை காரைப் பார்த்துவிட்டு, ஆன்போர்டு சார்ஜர் போய்விட்டது என்றது. அதுவரை கருத்து வேறுபாடு இல்லை. பிறகு வந்த வாசகம்தான் எங்களை நிறுத்தியது: "வெளி மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் நேர்ந்த சேதம், உத்தரவாதத்தில் அடங்காது." மாற்றுவதற்குச் சொன்ன தொகை 1,38,000 ரூபாய்.

வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் தருமாறு கேட்டோம். எந்த நாளில், எந்த அளவு மின்னழுத்தம் வந்தது, அதை எந்தச் சோதனை காட்டுகிறது என்று மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினோம். பதில் வரும்வரை காத்திராமல் எங்கள் பக்கத்தையும் சரிபார்த்தோம். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து எர்த் இணைப்பை அளக்கச் செய்தோம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு வோல்ட்டுக்கும் குறைவாகவே இருந்தது. அதை அவர் கையொப்பத்தோடு எழுதித் தந்தார். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அந்த வாரத்தில் எங்கள் தெருவில் மிகை மின்னழுத்தப் புகார் எதுவும் பதிவாகவில்லை என்ற பதிலைப் பெற்றோம். அதே இணைப்பில் ஓடும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இன்வெர்ட்டருக்கும் ஒரு குறையும் நேரவில்லை என்பதையும் எழுதினோம்.

இரண்டு எளிய வழிகள்

இதற்கிடையில், எளிய வழி ஒன்று எங்கள் வாசலுக்கே வந்தது. பழைய கார் வாங்கி விற்கும் தரகர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "காக்கா, வண்டி ஓடுது. வேக சார்ஜர்ல ஏறுது. பார்க்க வர்றவங்க அதுல போட்டுப் பார்த்துட்டு எடுத்துக்குவாங்க. நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம், பேசாம இருந்தாப் போதும்."

பேசாமல் இருப்பதே அங்கே பொய். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு, வணிகரைக் கண்டித்த நிகழ்வை நம் பிள்ளைகளும் மதரஸாவில் கற்கிறார்கள். ஈரம் மழையால் வந்தது என்று அவர் சொன்ன காரணம் உண்மையாகவே இருந்தது. ஆயினும் அதை மக்கள் காணும்படி மேலே வைக்காதது குற்றமாயிற்று. வேக சார்ஜரில் ஏறும் எங்கள் கார் மேலே காய்ந்து அடியில் நனைந்த குவியலே. "யார் வீட்டுப் புள்ளையோ நாலு வருஷம் சேத்த காசா இருக்கும்" என்றார் உம்மா. அதற்குமேல் எங்கள் வீட்டில் அப்பேச்சு எழவில்லை.

இரண்டாவது எளிய வழி இன்னும் நுட்பமானது. ஏழாவது வாரத்தில் நிறுவனம் இறங்கி வந்தது. நல்லெண்ண அடிப்படையில் பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாகவும், அதற்கு ஒரு கடிதத்தில் கையொப்பமிட வேண்டும் என்றும் சொன்னார்கள். அக்கடிதத்தில், பழுது எங்கள் வீட்டு மின்னிணைப்பால் நேர்ந்தது என்பதை நாங்கள் ஒப்புக்கொள்வதாக ஒரு வரி இருந்தது.

ஒரு கையொப்பம் போட்டால் 1,38,000 ரூபாய் மிச்சம். எங்கள் உறவினர்களில் சிலர், கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், வரியில் என்ன இருக்கிறது என்றார்கள். அவர்கள் அக்கறையை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வரி ஒரு சாட்சியம். எங்களிடம் இருந்த சான்றுகளுக்கு மாறாக எங்கள் கைப்பட எழுதிக் கொடுப்பது பொய்ச்சாட்சியத்தின் வாசலில் நிற்பதாகும். இதே காரில் இதே பழுது கண்ட மற்றொரு குடும்பத்துக்கு எதிராகவும் அந்தத் தாள் நாளை பேசக்கூடும். அந்த வரியை நீக்கினால் கையொப்பமிடுகிறோம் என்று எழுதினோம், நீக்க மறுத்தார்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடப் போவதாக அறிவிப்பு அனுப்பினோம்.

ஃபிக்ஹு என்ன சொல்கிறது?

அந்நாள்களில் எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் இதைப் பற்றிப் பேசினோம். குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நம் சட்ட நூல்கள் 'கியாருல் ஐப்' என்று அழைக்கின்றன என்றார் அவர். விற்பனைக்கு முன்பே இருந்த குறை பிறகு தெரியவந்தால் வாங்கியவர் திருப்பித் தரலாம். ஷாஃபிஈ மத்ஹபில் குறையைக் கண்டவுடன் தாமதிக்காமல் அவ்வுரிமையைக் கேட்க வேண்டும். குறை பழையதா புதியதா என்று இருவரும் முரண்பட்டு, இரண்டுக்கும் இடமிருந்தால், விற்றவர் சத்தியம் செய்யும்போது அவர் சொல்லே ஏற்கப்படும்.

இதைக் கேட்டபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஃபிக்ஹு வாங்குபவர் பக்கமே எப்போதும் சாயும் என்று எண்ணியிருந்தோம். நீதி இரு பக்கமும் பார்க்கிறது. உத்தரவாதத்தின் அருமையும் இங்கேதான் விளங்குகிறது: மூன்று ஆண்டுக்குள் தோன்றும் குறையையும் சரிசெய்து தருவேன் என்று விற்றவர் தாமே ஏற்றுக்கொண்ட நிபந்தனை அது. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் கட்டளையிடுகிறது. வாதிடுபவர் மீதே சான்று கடமை என்பதும் நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. வெளி மின்சாரத்தால் கெட்டது என்று வாதிட்டவர்கள் அதற்குச் சான்று காட்டியிருக்க வேண்டும்.

நீதி இரு பக்கமும் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய காருக்கும், வெளியாள் திறந்து பார்த்த பெட்டிக்கும் நிறுவனம் உத்தரவாதத்தை மறுத்தால் அது அவர்கள் உரிமை. அங்கே உண்மையை மறைத்துக் கேட்பது நம் பக்கத்து மோசடியாகும்.

அறிவிப்பு போன மூன்றாவது வாரம், நிறுவனத்தின் மண்டலப் பொறியாளர் வந்து எங்கள் முன்னிலையில் அளவெடுத்தார். கடிதம் ஏதும் கேட்காமல் பாகம் மாற்றப்பட்டது. ரசீதில் 'உத்தரவாதத்தின் கீழ்' என்றே எழுதியிருந்தது. மொத்தம் 74 நாள்கள். அலைச்சலுக்கும் வாடகை வண்டிக்கும் ஆன செலவைக் கேட்க எங்களுக்கு உரிமை இருந்தது, அதை விட்டுக்கொடுத்தோம். தன் உரிமையை மன்னிப்பது ஒருவரின் விருப்பம். உண்மையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

வாங்கும் முன்பே, ஆன்போர்டு சார்ஜர் எந்த உத்தரவாதத்தில் அடங்குகிறது என்று புத்தகத்தில் பாருங்கள். எட்டு ஆண்டு என்று விளம்பரத்தில் காண்பது பெரும்பாலும் பேட்டரிக்கும் மோட்டாருக்குமே உரியது. தனியே பணம் கட்டி நீட்டிக்கும் உத்தரவாதத்தைப் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சார்ஜ் போடும் இணைப்பைத் தனிக் கம்பியில், நல்ல எர்த்தோடு அமைத்து, அமைத்தவரிடம் அளவீட்டை எழுதி வாங்குங்கள். பழுது கண்ட அன்றே படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். கையொப்பமிடும் ஒவ்வொரு தாளையும் முழுமையாக வாசியுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. தேவைப்பட்டால் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இறுதியாக ஒன்று. பணிமனை மேசையில் நம் எதிரே அமர்ந்திருக்கும் இளைஞர் அந்த மறுப்பை எழுதியவர் அல்லர். மேலிடம் சொன்னதைச் சொல்பவர். அவரிடம் குரலை உயர்த்தி நாம் பெறப் போவது ஒன்றுமில்லை. உறுதியைத் தாளிலும், கனிவை நாவிலும் வைத்துக்கொள்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் கொடுக்கல் வாங்கல்களில் பரக்கத்தைத் தருவாயாக! பிறர் எங்களுக்கு அநீதி இழைக்கும்போதும் நாங்கள் உண்மையிலிருந்து வழுவாமல் காப்பாயாக! எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை நிறைவேற்றும் வலிமையை எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன்.