தூண்டில்காரங்க சங்கமும் நம்ம ஏரியும்

இந்த வாரம் நெல்லு, மாடு, உளுந்து எதுவும் இல்ல. மீன் பிடிக்கிறவங்க சங்கத்தப் பத்தி எழுதப் போறேன். அதுவும் அமெரிக்காவுல.

பையன் மிச்சிகன் மாநிலத்துல வேலை பாக்குறான். போன கோடையில ரெண்டு மாசம் அங்க இருந்துட்டு வந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர், எழுபது வயசு இருக்கும், தூண்டில் பைத்தியம். ஆனா பிடிச்ச மீனத் திரும்பத் தண்ணியிலயே விட்டுடுவார். "அப்புறம் எதுக்குய்யா பிடிக்கிறீங்க?"ன்னு பையன் மூலமா கேட்டேன். சிரிச்சார். அடுத்த சனிக்கிழமை எங்க ரெண்டு பேரையும் அவர் சங்கத்து வேலைக்குக் கூட்டிட்டுப் போனார். சங்கத்தோட பேரு ட்ரவுட் அன்லிமிடெட்.

ட்ரவுட் நம்மளுக்கும் புதுசு இல்ல. வெள்ளக்காரங்க கொண்டாந்து நீலகிரி ஓடைகள்ல விட்ட மீன்தான். குளிர்ந்த, சுத்தமான, ஓடுற தண்ணி வேணும். தண்ணி சூடானா தாங்காது. அதனால ட்ரவுட் இருந்தா அந்த ஆறு நல்லா இருக்குன்னு அர்த்தம்.

இந்தச் சங்கம் 1959 ஜூலையில ஆரம்பிச்சது. அதே மிச்சிகன்ல, ஆ சேபிள்னு ஒரு ஆத்தங்கரையில, ஜார்ஜ் கிரிஃபித் என்பவர் வீட்டுல 16 பேர் கூடியிருக்காங்க. அப்போ அரசாங்கம் பண்ணையில வளர்த்த மீனக் கொண்டாந்து ஆத்துல கொட்டும், ஜனங்க வந்து பிடிச்சிட்டுப் போவாங்க. மறுபடி கொட்டும், மறுபடி பிடிப்பாங்க. ஆறு கெட்டுக்கிட்டே போச்சு. இந்த 16 பேரும், "மீனக் கொட்டாதீங்க, ஆத்தச் சரிபண்ணுங்க, மீன் தானா பெருகும்"னு சொன்னாங்க. மண்ணு செத்துக் கிடக்கும்போது யூரியா மூட்டையக் கொட்டிக்கிட்டே இருக்குற கதைதான் இதுவும்னு எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. சில வருஷத்துல மாநில அரசு தன் வழியை மாத்திக்கிட்டது. அதப் பாத்துட்டு இல்லினாய், விஸ்கான்சின், நியூயார்க், பென்சில்வேனியான்னு கிளைகள் முளைச்சிருக்கு. இன்னைக்கு நாடு முழுக்க 400 கிளை வரைக்கும் இருக்கு.

கிளைகளை இவங்க எப்படிக் கட்டி வெச்சிருக்காங்கன்றதுதான் என்னை யோசிக்க வெச்சது. ஒருத்தர் சந்தா கட்டிச் சேர்ந்தா, அவர் வீட்டு பின்கோடு வெச்சு பக்கத்துக் கிளையில பேரைச் சேர்த்துடுவாங்க. சந்தாவுல ஒரு பங்கு அந்தக் கிளைக்கே திரும்பி வரும். தலைவர், பொருளாளர் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் கணக்கு மட்டும் ஒழுங்கா தலைமைக்குக் காட்டணும். எந்த ஓடையில என்ன வேலைன்னு கிளைதான் முடிவு பண்ணும். பெரிய வேலைன்னா தலைமைகிட்ட நிதி கேக்கலாம். அதுக்குன்னு 1975-லிருந்து தனியா ஒரு நிதி இருக்கு. மொத்தமா தூக்கிக் குடுத்துட மாட்டாங்க, கிளையும் தன் பங்குக்குப் பணமோ உழைப்போ போடணும்.

கிளைகளுக்கு மேல மாநில அளவுல ஒரு குழு. ஒவ்வொரு மாநிலக் குழுவும் தேசிய அளவுல ஒரு பிரதிநிதிய அனுப்பும். அதனால தலைமையில கீழ இருந்து போனவங்க குரலும் இருக்கு. தலைமை அலுவலகம் வாஷிங்டன் பக்கத்துல ஆர்லிங்டன்ல. விஞ்ஞானி, வக்கீல், அரசாங்கத்துகிட்ட பேசுறது இதெல்லாம் அவங்க பொறுப்பு. சேத்துல இறங்குறது கிளை.

ரெண்டும் சேந்தா என்ன நடக்கும்னு ஒரு உதாரணம். மெயின் மாநிலத்துல கென்னபெக் ஆத்துல 1837-ல கட்டின எட்வர்ட்ஸ் அணை, மீன் மேல ஏற முடியாம மறிச்சு நின்னது. அதை எடுக்கணும்னு நாலு அமைப்புங்க சேர்ந்து போராடினாங்க. அதுல ட்ரவுட் அன்லிமிடெட்டும், அந்தப் பள்ளத்தாக்குல இருந்த அதோட கிளையும் சேந்தே நின்னாங்க. உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம்னு 1997-ல மத்திய ஆணையம் சொல்லிடுச்சு. 1999 ஜூலை 1-ஆம் தேதி அணையை உடைச்சாங்க. 160 வருஷத்துக்கு மேல மறிச்சிருந்த ஆறு ஓடிச்சு. வாஷிங்டன் வக்கீல் மட்டும் இருந்திருந்தா உள்ளூர் ஜனம் நம்பியிருக்காது. உள்ளூர் ஆளு மட்டும் இருந்திருந்தா ஆணையத்துல அவர் பேச்சு ஏறியிருக்காது.

விவசாயிங்களோட இவங்க நடந்துக்குற விதமும் பிடிச்சிருந்தது. விஸ்கான்சின் பக்கம் ஓடையெல்லாம் பண்ணை நடுவுல போகுது. மாடு இறங்கி இறங்கிக் கரை சரிஞ்சு, தண்ணி கலங்கிப் போகுது. இவங்க பண்ணைக்காரர் மேல சண்டைக்குப் போகல. கரையைச் சரிவாக்கி, கல்லு போட்டு, புல்லு வளர்த்துக் குடுக்குறாங்க. பதிலுக்கு, கரையில ஜனங்க நடந்து போய் மீன் பிடிக்கலாம்னு பண்ணைக்காரர் எழுதிக் குடுக்குறார். அவருக்கு நிலம் கரையுறது நிக்குது, தூண்டில்காரருக்கு வழி கிடைக்குது.

எல்லாம் சொர்க்கம்னு சொல்லல. நான் போன அன்னைக்கு வந்தவங்க இருபது பேரு இருக்கும். முக்கால்வாசி நரைச்ச தலை. கிளையில பேரு இருக்குறவங்க அதப்போல பல மடங்காம். "சந்தா கட்டுறவங்க நிறைய, மண்வெட்டி எடுக்குறவங்க கொஞ்சம்"னு பெரியவரே சொன்னார். அதனால வேலையைச் சின்னச் சின்னதா பிரிச்சு வெச்சிருந்தாங்க. கரையில கன்னு நடுறது ஒரு கூட்டம், குழி தோண்ட முடியாதவங்க தண்ணியோட சூட்டை அளந்து எழுதுறாங்க. மத்தியானத்தோட வேலை முடிஞ்சது, எல்லாருக்கும் சாப்பாடு. இளசுங்க வரணும்னு பள்ளிக்கூடத்துல தொட்டி வெச்சு, ட்ரவுட் முட்டையப் பொரிக்க வெச்சு, குஞ்சைப் பிள்ளைங்க கையாலயே ஆத்துல விட வைக்கிறாங்க. அந்தப் பிள்ளைங்க நாளைக்கு மண்வெட்டி எடுக்கும்ன்ற நம்பிக்கை.

ஊருக்கு வந்ததுலேர்ந்து எங்க ஏரியத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். நம்ம மாநிலத்துலயும் 2000-ல சட்டம் போட்டு, நீரைப் பயன்படுத்துவோர் சங்கம்னு கொண்டாந்தாங்க. எங்க ஊர்லயும் தேர்தல் நடந்து, தலைவர் வந்தார், போர்டு மாட்டினாங்க. போர்டு துருப்பிடிச்சுடுச்சு. கூட்டம் கூடி எத்தனையோ வருஷமாச்சு. மேல இருந்து உத்தரவு வரும், கீழ இருந்து ஒண்ணும் போகாது. சங்கத்துக்குன்னு கையில காசும் இல்ல, வேலையும் இல்ல. என் ரெண்டு ஏக்கர் கடைமடை. மதகு ஒழுகி, வாய்க்கால் தூர்ந்து, போன ரெண்டு போகமும் கிணத்துத் தண்ணிதான். கிணறும் எத்தனை நாள் தாங்கும்?

எங்க அப்பா காலத்துல நீர்க்கட்டி ஒருத்தர் இருப்பார். அறுவடை முடிஞ்சா களத்துலயே அவர் பங்கு நெல்லை எல்லாரும் அளந்துடுவாங்க. அமெரிக்காக்காரன் கிளைக்குத் திருப்பிக் குடுக்குற சந்தாப் பங்கு மாதிரிதான் அது. உள்ளூர் காசு, உள்ளூர் ஆளு, உள்ளூர் தண்ணி. ஆனா நம்மகிட்ட அன்னைக்கும் ஒண்ணு குறைச்சல்தான். எங்க ஏரி தனி ஏரி இல்ல. மேலூர் ஏரி நிரம்பி வழிஞ்சாதான் எங்களுக்கு, எங்களுது வழிஞ்சாதான் கீழூருக்கு. வரத்து வாய்க்கால மேல ஒருத்தர் ஆக்கிரமிச்சா எங்க ஊரு மட்டும் கூடி ஒண்ணும் பண்ண முடியாது. ஊருக்கு ஒரு சங்கம் இருந்தா போதாது, அந்தச் சங்கங்க சேந்து உக்காரவும் ஒரு இடம் வேணும்.

எங்க சங்கிலியில ஆறு ஏரி. ஊருக்கு ரெண்டு பேர்னு பன்னெண்டு பேரை உக்கார வைக்கணும்னு பேசிக்கிட்டிருக்கோம். மூணு ஊர் சரின்னுடுச்சு. ஒரு ஊர்ல, "போன தடவை மாதிரி போர்டு மாட்டுறதுக்கா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதனால முதல் வேலையா வரத்து வாய்க்கால்ல அரை நாள்ல முடியுற ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கப் போறோம். சாப்பாடு எங்க வீட்டுல.

பட்டணத்துல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள்ல நிறையப் பேருக்கு ஊர்ல இன்னும் நிலம் இருக்கு, பட்டாவுல பேரு இருக்கு. அப்போ நீங்களும் அந்த ஏரியோட பாசனதாரர்தான். ஊருக்கு நன்கொடை குடுக்குறேன்னு வராதீங்க. வருஷச் சந்தா கட்டுங்க, கணக்கு கேளுங்க, பொங்கலுக்கு வர்றப்போ பிள்ளைங்களக் கூட்டிட்டு ஏரிக்கரையில ஒரு நடை நடங்க. மண்வெட்டி நாங்க பிடிச்சுக்கிறோம்.