என் பங்கு ஒரே ஒரு ஸ்வரம்!

சங்கீதத்துக்கும் எனக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் ஆறாம் வகுப்பிலேயே பைசல் ஆகிவிட்டது. ஆண்டு விழா கடவுள் வாழ்த்துக்கு ரிகர்சல். வரிசையாகக் காது கொடுத்துக்கொண்டே வந்த பாட்டு டீச்சர் என் முன்னால் நின்றார்.

"கண்ணா, நீ மேடையில நில்லு. வாயை மட்டும் அசை. சத்தம் வரக் கூடாது, என்ன?"

அன்றிலிருந்து இருபத்தைந்து வருஷம் பஜனையோ, பர்த்டே பார்ட்டியோ, எங்கே போனாலும் வாயை மட்டும் அசைத்தே காலத்தை ஓட்டினேன். போன வருஷம் பாண்டுங் போகும்வரை.

பாண்டுங், இந்தோனேஷியாவில் மேற்கு ஜாவாவின் தலைநகரம். பேங்க் பரீட்சைக்குப் பொது அறிவு உருப்போட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1955-ல் நேரு போய்க் கலந்துகொண்ட ஆசிய - ஆப்பிரிக்க மாநாடு நடந்த ஊர். ஜகார்த்தாவிலிருந்து சாதாரண ரயிலில் மூன்று மணி நேரம். சுமார் 700 மீட்டர் உயரம், இதமான குளிர், சுற்றிலும் மலை.

ஜகார்த்தாவில் அக்கவுன்டன்ட்டாக இருக்கும் என் பி.காம். கிளாஸ்மேட்தான் கூட்டிப் போனான். "எரிமலை பார்க்கப் போறோமாடா?" என்றேன். "இல்லடா, மூங்கில் பார்க்கப் போறோம்" என்றான். இதற்கா ஃபிளைட் டிக்கெட் எடுத்தோம் என்று மனசுக்குள் ஒரு பற்று எழுதிக்கொண்டேன்.

அவன் கூட்டிப் போன இடம் 'சாங் அங்க்லுங் உஜோ'. உஜோ என்பவரும் அவர் மனைவியும் சேர்ந்து 1966-ல் ஆரம்பித்த இசைக்கூடம். சுற்றிலும் மூங்கில் தோப்பு. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் இங்கே வந்து கற்றுக்கொண்டு, இங்கேயே மேடையும் ஏறுகிறார்கள்.

அங்க்லுங் என்றால்? மூங்கில் சட்டத்தில் இரண்டு மூன்று மூங்கில் குழாய்கள் தொங்கும். ஆட்டினால் கலகலவென்று சத்தம். பெரிய சைஸ் கிலுகிலுப்பை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே வித்தியாசம், ஒரு அங்க்லுங்குக்கு ஒரே ஒரு ஸ்வரம்தான். 'ச' என்றால் காலமெல்லாம் 'ச'தான். ஒரு பாட்டு வேண்டுமானால் ஒரு கூட்டமே வேண்டும்!

முதலில் குழந்தைகள் ஊர்வலமாக வாசித்துக்கொண்டு வந்தார்கள். அந்த ஸ்வரங்கள் என் காதில் ஒட்டவே இல்லை. நம் ஹார்மோனியத்தில் தேடினால் கிடைக்காது. "சுருதி சரியில்லையோ?" என்று கிசுகிசுத்தேன். (யார் சொல்வது பாருங்கள்!)

"அதாண்டா இவங்க சொந்த சுருதி" என்றான் நண்பன்.

மேற்கு ஜாவாவின் சுண்டா மக்கள் நெல் விதைப்பிலும் அறுவடையிலும் அங்க்லுங் வாசித்தார்கள். கேட்பவள் நெல் தெய்வம், நியாய் ஸ்ரீ போஹாச்சி. நம்ம ஸ்ரீதேவியின் 'ஸ்ரீ'யேதான்! அவள் மனம் குளிர்ந்தால் களஞ்சியம் நிறையும். மலைக்காட்டில் வாழும் படுய் மக்கள் இன்றும் நடவுக்கு அங்க்லுங் வாசிக்கிறார்கள்.

டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் இந்த வாத்தியத்துக்கு மரியாதை குறைந்துபோனது. பிச்சைக்காரர் கையில் இருக்கும் சாமான் என்று ஆகிவிட்டது. அப்போது டாயெங் சூதிக்னா என்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒரு வேலை செய்தார். 1938-ல் அங்க்லுங்கை மேல்நாட்டு டோ-ரே-மி சுருதிக்கு மாற்றினார். வகுப்புக்குள் மூங்கில் வந்தது. எளிது, மலிவு, படிப்பினை, ஈர்ப்பு, கூட்டம் என்பதுதான் அவருடைய ஐந்து சூத்திரம். 1968-ல் இந்தோனேஷிய அரசு அங்க்லுங்கைப் பாடம் நடத்தும் வாத்தியமாகவே அறிவித்தது. 2010-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. 2011-ல் வாஷிங்டனில் 5,182 பேர் ஒன்றாக ஆட்டிக் கின்னஸ் சாதனையே செய்தார்கள்.

லாபம் சரி, நஷ்டம்? டோ-ரே-மியை மட்டும் கற்றுக்கொண்டு போகிறவனுக்கு அந்த வயல் சுருதி தெரியாமலே போய்விடும். வெளியூர் போயும் நம்ம ஊர் மெஸ் தேடிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது மாதிரி. இந்தக் கூடத்தில் அந்தத் தப்பைச் செய்யவில்லை. முதலில் வயல், அப்புறம்தான் டோ-ரே-மி.

கடைசியில் பார்வையாளர் எல்லார் கையிலும் ஒரு அங்க்லுங் கொடுத்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்தில் டூர் வந்த ஸ்கூல் பசங்க. எட்டு வயசுப் பொடியன் ஒருவன் என் பக்கம் திரும்பி "ஓம்" என்றான். மந்திரம் சொல்லப் போகிறானாக்கும் என்று பார்த்தால், அங்கே 'ஓம்' என்றால் மாமாவாம்! நான் தலைகீழாகப் பிடித்திருந்ததைத் திருப்பி, இடது கையால் மேலே பிடித்து வலது கையால் கீழே ஆட்டணும் என்று செய்து காட்டினான்.

ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கை ஜாடை. மேடையில் இருந்த பெண் ஜாடை காட்டக் காட்ட, அந்த ஸ்வரம் வைத்திருப்பவர்கள் ஆட்ட வேண்டும். முதல் தடவை என் முறை வந்தபோது பழக்கதோஷத்தில் வாயை அசைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். பாட்டில் ஒரு ஓட்டை! பொடியன் முழங்கையால் இடித்தான். அடுத்த தடவை ஆட்டினேன். அடுத்ததும். கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டு அந்தக் கூடம் முழுக்க உருண்டு வந்தது. அதில் என் ஸ்வரமும் இருந்தது. நான் ஆட்டாவிட்டால் அது இல்லை. கண்ணில் தூசி விழுந்ததாக நண்பனிடம் சொல்லிவைத்தேன்.

வரும்போது எட்டு அங்க்லுங் கொண்ட செட் ஒன்று வாங்கிவந்தேன். "எட்டை வெச்சுக்கிட்டு நம்ம மூணு பேர் என்னங்க பண்றது?" என்றாள் மனைவி. நியாயமான ஆடிட் அப்ஜெக்‌ஷன்.

மகள் படிக்கும் ஸ்கூலில் ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கேட்டிருக்கிறேன். ஹெட்மிஸ்ட்ரஸ் "பார்க்கலாம் சார்" என்றிருக்கிறார். கிடைத்தால் முதலில் நெல் தெய்வத்தின் கதை. அப்புறம் பாட்டு. முதல் அங்க்லுங் யாருக்கு என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிரேயரில் வாயை மட்டும் அசைக்கும் பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்குமே, அதற்கு!