வீட்டாள் கூலி

2025-26 பருவத்துக்குப் பொது ரக நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தபோது, கூடவே ஒரு கணக்கையும் வெளியிட்டது. ஒரு குவிண்டால் நெல்லை விளைவிக்க ஆகும் செலவு 1,579 ரூபாய். அதன் மேல் 50 சதவீதம் லாபம். அந்தப் பருவத்துக்குத் தமிழக அரசு ஊக்கத்தொகை சேர்த்து, பொது ரகத்துக்கு 2,500 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாயும் அறிவித்தது. போட்ட முதலில் பாதி லாபமாகத் திரும்பும் தொழில் என்றால் அதை விட்டுப் போக யாருக்கும் மனம் வராது. ஆனால் திருவாரூர் மாவட்டத்தின் கடைமடை ஊர்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறது. இந்த முரண்தான் என்னை அந்த வயல்களுக்கு அழைத்துப் போனது. அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வைத்து நான் வந்தடைந்த முடிவு இது: காவிரி டெல்டாவின் நெல் விவசாயத்தைத் தாங்கி நிற்பது விவசாயியின் குடும்பப் பாசம். அந்தப் பாசத்தை ஊரும் அரசும் வாயாரப் புகழ்கின்றன. விலை நிர்ணயத்தில் மட்டும் அதற்கு உரிய மதிப்பு இல்லை.

இதைச் சொல்ல ஒரு குத்தகை விவசாயியின் வாழ்க்கை போதும். கோயில் நிலம் கொஞ்சம், ஊரைவிட்டுப் போனவர்களின் நிலம் கொஞ்சம் என்று மூன்று ஏக்கருக்குள் சாகுபடி செய்பவர். மனைவி, படிக்கும் இரண்டு பிள்ளைகள், வயதான தாய் என்று குடும்பம். அவருடைய நாளை நிர்ணயிப்பது கையில் இருக்கும் மண்வெட்டி. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, அறுவடைக்கு மிஷின் வந்துவிட்டது. மண்வெட்டியின் இடத்தில் மட்டும் எதுவும் வரவில்லை. நடவுக்கு முன் வரப்பின் அண்டையைக் கழித்து, சேற்றை அள்ளி அப்பி, நண்டு வளைகளை அடைப்பது அதுதான். மேட்டூர் அணையிலிருந்து வழக்கம்போல் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தாலும் கடைமடை வாய்க்காலுக்கு அது வந்துசேரப் பல நாள் ஆகிறது. முறை வைத்து விடும்போது இரவு எந்நேரமானாலும் எழுந்துபோய் மடையைத் திறந்து, பக்கத்து வயல்காரரோடு பேசி, நிறைந்ததும் அடைக்க வேண்டும். நாற்றுக்கு எவ்வளவு நீர் நிற்கலாம், மேலுரம் போடும் முன் எப்போது வடிக்க வேண்டும், கதிர் பால் பிடிக்கும்போது ஏன் வயல் காயக் கூடாது என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதே மண்வெட்டி தண்ணீரை வெளியேற்றப் பயன்படுகிறது. ஓர் இரவு தவறினால் இளம்பயிர் மூழ்கி அழுகிவிடும். பயிற்சியும் கணிப்பும் பொறுப்பும் சேர்ந்த கைத்தொழில் இது.

இந்தத் தொழிலுக்குக் கணக்கில் என்ன மதிப்பு? ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் செலவைப் பல படிகளாகப் பிரிக்கிறது. விதை, உரம், கூலியாள், வாடகை, குத்தகை என்று கையை விட்டுப் போன செலவு ‘ஏ2’. அதனுடன் குடும்பத்தாரின் உழைப்புக்கு ஒரு மதிப்பைச் சேர்த்தால் ‘ஏ2+எஃப்எல்’. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் சொந்த முதலுக்கான வட்டியும் சேர்ந்தால் ‘சி2’. மேலே சொன்ன 1,579 ரூபாய் இரண்டாவது படி. ஆகவே குடும்ப உழைப்பைத்தான் கணக்கில் எடுத்துவிட்டார்களே என்று கேட்கலாம். எடுத்திருக்கிறார்கள், ஆனால் பண்ணைக் கூலியின் அளவில். கூலியாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம், விளைச்சல் பொய்த்தாலும் அன்றைய கூலி அவர் கையில் இருக்கும். மடையைக் காப்பவருக்கு அந்த நிம்மதி கிடையாது. எந்த ரகம் போடுவது, எப்போது நடுவது, எவ்வளவு கடன் வாங்குவது என்று முடிவெடுப்பதும், அது தவறினால் நஷ்டத்தைச் சுமப்பதும் அவர்தான். செலவுக் கணக்கின் இலக்கணத்திலேயே இதற்கும் ஒரு படி உண்டு. நிர்வாகப் பொறுப்புக்காக ‘சி2’வின் மேல் 10 சதவீதம் கூட்டினால் அது ‘சி3’. அந்தப் படி ஏட்டில் இருக்கிறது. அறிவிக்கப்படும் விலை அதன்மேல் கட்டப்படுவதில்லை. தவிர, பஞ்சாபின் வயலுக்கும் திருவாரூரின் கடைமடைக்கும் பொதுவாக ஒரே சராசரி எண்தான் ஆதாரம்.

உழைப்போடு குடும்பத்தின் சொத்தும் வயலில் இறங்குகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க, யார் என்ன பயிரிடுகிறார் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கல் வேண்டும். 1955-லேயே சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டமும் வந்துவிட்டன. ஆனாலும் வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுபவரின் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் உடைமையாளருக்கு. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டமும் பட்டா உள்ளவருக்குத்தான். ஆகவே நடவுச் செலவுக்கு மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அறுவடைக்குப் பின் மீட்பதும், அடுத்த நடவுக்கு மறுபடி வைப்பதும் ஆண்டுச் சுழற்சியாகிவிட்டது. அந்தப் பெண் காலையில் ஊரார் வயலில் கூலிக்கு நடுகிறார், மாலையில் சொந்த வயலில் கூலியில்லாமல் களை பறிக்கிறார். இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. 2019-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவில் ஒரு வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலி, சம்பளம் வழியே வந்தது 4,063, பயிர் கொடுத்தது 3,798. விவசாயக் குடும்பத்துக்குப் பயிர் போடும் சோற்றைவிட, வெளியே செய்யும் கூலி வேலை போடும் சோறு அதிகம்.

விவசாயி முதலாளி, லாபம்தான் அவருக்குக் கூலி என்று ஒரு வாதம் உண்டு. விலையைத் தானே வைக்கிறவருக்கு அந்த வாதம் பொருந்தும். நெல்லின் விலையை அரசு அறிவிக்கிறது. அதை அடைவதற்கும் தடைகள் பல. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறுவை அறுவடையோ மழைக்காலத்தோடு மோதுகிறது. நெல்லைச் சாலையில் கொட்டி, கிளறி, தார்ப்பாய் போட்டு மூடி, இரவெல்லாம் காவல் காப்பது மறுபடியும் குடும்பம்தான். நிலையம் திறக்கத் தாமதமானால், சாக்கு வராவிட்டால், களத்துக்கே வந்து நிற்கும் வியாபாரி சொல்வதுதான் விலை. முன்பணம் கொடுத்தவர் அவராகவே இருந்தால் பேரமும் கிடையாது. நனைந்த நெல்லைக் காட்டி விலையைக் குறைப்பவருக்கு அதைக் காயவைக்கும் வேலையும் இல்லை, காவல் காக்கும் இரவும் இல்லை. மழையின் ஆபத்து முழுவதும் விளைவித்தவர் தலையில். மழையால் வரும் ஆதாயம் வாங்கியவர் பையில். இந்த அநியாயத்தை வியாபார இயல்பு என்று சொல்லி என்னால் கடந்துபோக முடியவில்லை. ஆனால் வியாபாரியை மட்டும் திட்டித் தீர்ப்பதிலும் பயனில்லை. கொள்முதல் நிலையம் நேரத்தில் திறந்து, அங்கேயே உலர்த்தும் இயந்திரமும் இருந்தால் அவருடைய பிடி தானாகத் தளரும்.

இயந்திரம் வந்தால் உழைப்பு மிச்சமாகுமே என்பது இன்னொரு வாதம். மிச்சமாகியிருக்கிறது, எந்த உழைப்பு என்று பார்க்க வேண்டும். நடவும் அறுவடையும் காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்த வேலைகள். இயந்திரம் முதலில் எடுத்துக்கொண்டது அவற்றைத்தான். கூடவே அந்த வீட்டுப் பெண்ணுக்கும் பக்கத்து வயல்களில் கிடைத்த கூலி நாட்கள் குறைந்தன. மடை காப்பதும், எலிக்குக் கிட்டி வைப்பதும், நெல் காயவைப்பதும் அப்படியே இருக்கின்றன. கூலி பெற்ற உழைப்பு சுருங்கி, கூலி பெறாத உழைப்பு வீட்டோடு நின்றுவிட்டது.

விருப்பப்பட்டுத்தானே செய்கிறார், பிள்ளைகளுக்காகத்தானே பாடுபடுகிறார் என்பதுதான் எதிர்வாதங்களில் மிக இனிமையானது, ஆபத்தானதும் அதுதான். அவர் விருப்பத்தோடுதான் செய்கிறார். ஊரைவிட்டுப் போகாததற்குத் தாயும் பிள்ளைகளும்தான் காரணம். ஆனால் மருத்துவரோ ஆசிரியரோ குடும்பத்தை நேசிக்கிறார் என்பதற்காக நாம் அவர்களின் சம்பளத்தைக் குறைப்பதில்லை. பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு வரவிடக் கூடாது என்று அதே தகப்பன் உறுதியாக இருப்பதும் பாசத்தால்தான். எந்தப் பாசத்தை நம்பி நெல்லின் விலை வைக்கப்படுகிறதோ, அதே பாசம் அடுத்த தலைமுறையை வயலைவிட்டு வெளியேற்றுகிறது. குறைத்து மதிப்பிட்ட உழைப்பின் மேல் எழுப்பிய கணக்கு ஒரு தலைமுறைக்கு மேல் நிற்காது.

விலையை ஏற்றினால் ஏழையின் சோறு விலை ஏறும் என்பது கடைசிக் கேள்வி; பொறுப்பான கேள்வியும்கூட. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. நாடு முழுவதும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு 2023 முதல் அப்படியே. கொள்முதல் விலை உயர்ந்தால் அந்தச் சுமை அரசின் கருவூலத்துக்கு, ரேஷன் கடைக்குப் பை எடுத்து வருபவருக்கு அல்ல. ஏழைக்கு மலிவாகச் சோறு போட வேண்டியது நாட்டின் கடமை. அந்தக் கடமையின் செலவை இன்னொரு ஏழை வீட்டின் நகையிலிருந்தும் தூக்கத்திலிருந்தும் எடுப்பது நியாயமாகாது. குடும்ப உழைப்பைத் திறன் பெற்ற தொழிலாளியின் கூலியில் மதிப்பிடுவது, நிர்வாகப் பொறுப்பின் 10 சதவீதத்தை விலையில் சேர்ப்பது, உழுபவரின் பெயரையும் அவர் மனைவியின் பெயரையும் அடங்கலில் ஏற்றுவது ஆகிய மூன்றுக்கும் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. கணக்கும் சட்டமும் பாதிக்கு மேல் ஏற்கெனவே எழுதப்பட்டவை. நல்ல குடும்பத் தலைவர் என்று அவரைப் பாராட்டுவது எளிது. முதலில் செய்ய வேண்டியது அவரை நல்ல தொழிலாளி என்று ஏற்று, அந்த வீட்டார் அனைவரின் கூலியையும் விலையில் எழுதிக் கொடுப்பது.