முன்பணம்

2020 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் எங்கள் நால்வருக்கும் பொதுவாக இருந்த சேமிப்பு 11,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். ஓசூரில் ஞாயிறுதோறும் கூடிப் படிக்கும் சிறு குழு நாங்கள். ஆளுக்கு மாதம் 300 ரூபாய் போட்டு, அதிலிருந்து நூல்களும் சிற்றிதழ்ச் சந்தாக்களும் வாங்குவோம். வாசிப்பு முடிந்ததும் மேசைமேல் ஏதேனும் ஓர் ஆட்டப் பலகை விரியும். தாயத்தில் தொடங்கி மேலைநாட்டு ஆட்டங்கள்வரை வந்திருந்தோம்.

அப்போது 'ஃப்ராஸ்ட்ஹேவன்' என்ற ஆட்டத்திற்கான அறிவிப்பு வெளியானது. அமெரிக்கரான ஐசக் சில்ட்ரஸ் உருவாக்கியது. அவருடைய முந்தைய ஆட்டமான 'க்ளூம்ஹேவ'னும் இவ்வாறே 2015-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் முன்பணம் பெற்று, 2017-இல் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியது. இவ்வகை ஆட்டத்தில் ஆடுபவர்கள் ஒருவரையொருவர் வெல்வதில்லை. அரக்கர்களைச் சீட்டுக்கட்டு நகர்த்துகிறது. ஆடுபவர் அனைவரும் ஓரணி. வென்றால் எல்லோரும், தோற்றால் எல்லோரும். நால்வர் ஆடலாம். நாங்களும் நால்வர். முன்பணம் 100 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 7,600 ரூபாய். கப்பற்கூலியும் சுங்கமும் தனி.

ஆசைக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. ஆனால் அறிவிப்பு வந்தது மார்ச் 31-இல். நாடு அடைக்கப்பட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. மூன்று ஷிஃப்டும் ஓயாத சிப்காட் அமைதியில் கிடந்தது. எங்களுள் ஒருவர் ஆனேக்கல்லில் குடியிருந்தார். அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடிக்கு அப்பால் அவர் திடீரென அயல்நாட்டவர் போலானார். தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக எஞ்சிய ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி என்ற பெருமை இருந்தது. பெருமை சரி, வேலைதான் இல்லை.

தொலைபேசியில் பல இரவுகள் வாதிட்டோம். எதிர்த்தவர் சொன்னது எளிமையானது: இது கடை அன்று, இல்லாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறோம். கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களில் ஏறத்தாழ 9 விழுக்காடு வாக்களித்ததைத் தரவில்லை என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மாலிக் 2015-இல் கண்டறிந்ததை அவர் எடுத்துக்காட்டினார். மூன்றாம் இதழோடு நின்றுபோன சிற்றிதழ்களுக்கு ஆயுள் சந்தா கட்டிய நமக்கு 9 விழுக்காடு ஒரு பொருட்டா என்று மற்றொருவர் திருப்பிக் கேட்டார். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தானே என்றும் கேட்டார். அதற்கும் மறுமொழி வந்தது. 1920-இல் கடையத்திலிருந்து பாரதி தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட எண்ணி, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். போதிய பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். கொடுத்து ஏமாந்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கொடுக்காமல் இருந்தவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை என்றார் அவர்.

இவ்வளவு பேசியவர் எங்களுள் மிக இளையவர். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆட்டத்தின் விதிநூலை வரி விடாமல் படித்தவரும் அவரே. அதிலிருந்து இரண்டு விதிகளை எங்களுக்கு விளக்கினார். முதலாவது, ஒரே அணியானாலும் தன் கையிலிருக்கும் சீட்டின் எண்ணைப் பிறருக்குச் சொல்லக்கூடாது. 'சற்று முன்னதாக நகர்வேன்' என்பதுபோல் பொதுவாகக் குறிப்பிடலாம். இரண்டாவது, ஒருவர் ஈட்டிய பொன்னை இன்னொருவருக்குக் கொடுக்க இயலாது. கூடி ஆடும் ஆட்டத்தில் இது என்ன விதி என்று நாங்கள் வியந்தோம்.

அவர் வீட்டில் இரண்டு மாத வாடகை நிலுவையில் இருப்பதை ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் வேறொருவர் வாயிலாக அறிந்தோம். ஊதியம் வரவில்லை. எங்களிடமோ, 'கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்குண்ணா' என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. விதியை அவர் ஏற்கெனவே கடைப்பிடித்துக் கொண்டிருந்தார்.

மற்ற மூவரும் பேசி முடிவெடுக்கப் பத்து நிமிடம் ஆனது. 9,000 ரூபாயை அவர் கணக்கிற்கு அனுப்பினோம். நன்றி வருமென்று எதிர்பார்த்தோமா என்று இப்போது கேட்டால் ஆமென்றே சொல்லவேண்டும். வந்தது கோபம். 'யாரக் கேட்டு அனுப்புனீங்க? ஆட்டத்துக்குன்னு வெச்ச பணம்தானே அது' என்றார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. நால்வரின் பணத்தை மூவர் முடிவுசெய்தோம். அவரை உறுப்பினர் நிலையிலிருந்து இறக்கி உதவி பெறுபவராக்கினோம். கேட்டிருந்தால் மறுத்திருப்பார் என்பதால் கேட்கவில்லை. அது சரியா என்பதில் எங்களுக்குள் இன்றும் உடன்பாடில்லை.

மே 1 அன்று அந்த முன்பணத் திரட்டு முடிந்தது. 83,000-க்கும் மேற்பட்டோர், 1.29 கோடி டாலருக்கும் மேல். அதில் நாங்கள் இல்லை. வாக்களித்த காலம் கடந்து, 2022 இறுதியில்தான் பெட்டிகள் ஆதரவாளர் கைகளுக்கு வரத் தொடங்கின. இளைய நண்பர் தொழிற்சாலை திறந்தபின் மாதம் 500 ரூபாயாகப் பொதுக்கணக்கில் செலுத்திவந்தார். யாரும் கேட்கவில்லை. பதினெட்டு மாதம் அவர் ஞாயிறு கூட்டத்திற்கும் வரவில்லை. கடைசித் தவணை கட்டிய வாரம் வந்து, எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று ஆடியது ஆடுபுலி. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் வீட்டில் அதற்குப் 'புலிஜூதம்' என்று பெயர். பின்னால் இடம் வெறுமையாக இருக்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும்; பின்னால் இன்னோர் ஆடு நின்றால் வெட்ட முடியாது. சிறுவயதிலிருந்து தெரிந்த விதிதான்.

இப்போது அதேபோன்ற வேறோர் ஆட்டத்திற்கு அறிவிப்பு வந்திருக்கிறது. கணக்கில் பணம் இருக்கிறது. நால்வரும் ஓசூரிலேயே இருக்கிறோம். இம்முறை முதல் வேலையாக, அவரவர் கையிலிருக்கும் எண்ணை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். மூவர் சொல்லியாயிற்று. இளைய நண்பர் வரும் ஞாயிறு சொல்வதாகக் கூறியிருக்கிறார். அதுவரை பணம் கட்டுவதாக இல்லை.