மாமியின் நீல பேரல்

அன்புள்ள வசந்தி,

மாமியார் ஊருக்குக் கிளம்பிய கையோடு பரணைக் காலி பண்ணிவிட்டாயாமே, சாமர்த்தியக்காரிதான் நீ! இங்கே எங்கள் ஃப்ளாட்டில் எந்நேரமும் பேரல் பேச்சுதான். லாரித் தண்ணீர் பிடிக்க மூன்றாவது மாடி மாமி நீல பேரல் ஒன்று வாங்கி, படிக்கட்டுத் திருப்பத்தில் நிறுத்திவிட்டார். கெமிக்கல் வந்த பழைய பேரல். புளி போட்டுத் தேய்த்து, சோப்புத்தூள் கரைத்து ஊற்றி, வெயிலில் காயவைத்தாயிற்று. மூடியின் இரும்பு வளையத்தைக் கழற்றினால் இன்னமும் குப்பென்று நெடி. உன்னோடு இருக்கட்டும், அவர் வீட்டில் நான் காபி குடிப்பதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் அதைத் தட்டிப் பார்த்து, "டிவியில் பேரல் இன்ன விலை என்கிறானே, அது இவ்வளவு எண்ணெயா!" என்று வாயைப் பிளந்தார். அதுதான் இல்லை. மாமியின் பேரல் 200 லிட்டருக்கு மேல் கொள்ளும். கச்சா எண்ணெய் பேரல் 159 லிட்டர்தான். எண்ணெய் இப்போது பெரும்பாலும் போவது குழாயிலும் கப்பலிலும். கணக்கு மட்டும் பேரலில்.

பென்சில்வேனியாவில் ஆரம்பித்த வழக்கம் அது. 1859-இல் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டினார். எண்ணெய் வந்துவிட்டது, பிடித்து வைக்க ஏனம்? விஸ்கிப் பீப்பாய், மீன் பீப்பாய் என்று கைக்கு அகப்பட்டதில் எல்லாம் ஊற்றினார்கள். குதிரை வண்டியில் குலுங்கிப் போய்ச் சேருவதற்குள் பாதி வழியெல்லாம் ஒழுகல். வண்டிக்காரர்கள் கேட்ட கூலியோ கொள்ளை! 1865-இல் சாமுவேல் வான் சைக்கல் குழாய் போட்டார். பிழைப்பில் மண் விழுந்ததென்று அவர்கள் அதைப் பெயர்த்துப் போட்டார்கள்.

ஒழுகலுக்கு ஈடாக 1866-இல் உற்பத்தியாளர்கள், 40 காலனுக்கு 2 காலன் கொசுறு என்று ஒத்துக்கொண்டார்கள். 1872-இல் அவர்கள் சங்கமும் 42 காலன் என்றே வைத்தது. கீரைக்காரம்மா போடுகிற கறிவேப்பிலை மாதிரி அந்த 2 காலன் இன்றைக்கும் உலகச் சந்தையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

இனிதான் நமக்குப் பிடித்த சமாச்சாரம். அதே பென்சில்வேனியாவில் 1864-இல் பிறந்தவள் நெல்லி பிளை. பைத்தியம் போல நடித்து மனநோய் விடுதிக்குள் போய், அங்கே நடந்த அக்கிரமத்தை எழுதினாளே, அந்தப் பத்திரிகைக்காரி. 72 நாளில் உலகத்தைச் சுற்றிய மகராசி, நடுவில் கொழும்பில் கப்பலுக்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்தாள். 1895-இல் தன்னைவிட நாற்பது வயது மூத்த தொழிலதிபர் ராபர்ட் சீமனைக் கட்டிக்கொண்டாள். ஊர் வாய் சும்மா இருந்திருக்குமா? 1904-இல் அவர் போனதும் கம்பெனி இவள் கையில். மறு வருஷமே, ஒழுகாத இரும்பு பேரலுக்குப் பேடண்ட். பேர் அங்கே வேலை பார்த்த ஹென்றி வேர்ஹானுடையது, உரிமை இவளுடையது. உருட்டத் தோதாக வயிற்றைச் சுற்றி வளையங்கள். இன்றைய 55 காலன் டிரம்முக்கு அதுதான் மூத்த அக்கா. கடைசியில் சம்பளத்துக்கு இருந்தவர்களே கணக்கில் கை வைத்து, கம்பெனி திவாலானது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

மாமியிடம் இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, அவளுக்கு எத்தனை குழந்தை?" என்றார்.

பதில் போடு. பரணில் என்னென்ன கிடைத்தது என்று ஒன்று விடாமல் எழுது.

உன்,
கோமதி